கடிதப் பக்கம்

பழைய காமிக்ஸ் இதழ். ஒரு கட்டத்தின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைக்கிறேன். நாயகன் டி'சாலாவின் கன்னம்.

பழுப்பு காணாமல் போகிறது. மஞ்சள் புள்ளிகள். சிவப்புப் புள்ளிகள். நீலம். இடையிடையே மை படாத காகிதம்.

கண்ணாடியை விலக்குகிறேன். பழுப்பு திரும்பி வருகிறது. கூடவே முகம்.

*

‘ஜங்கிள் ஆக்‌ஷன்’, 6ஆம் இதழ். அட்டையில் செப்டம்பர் 1973. விலை 20 சென்ட். இரண்டு மாதத்துக்கு ஒன்று வருகிறது.

செய்தித்தாள் அச்சிடும் அதே காகிதம். ஓரங்கள் பழுத்திருக்கின்றன. அழுத்திப் பிடித்தால் உதிரும். விரல்நுனியால் மட்டும் புரட்டுகிறேன்.

ஒரு வாசனை எழுகிறது. பெயர் வைக்காமல் விடுகிறேன்.

*

பின்வந்த இதழ்களில் ஒரு பக்கம் படம் இல்லாமல் இருக்கிறது. வாசகர் கடிதங்கள். பொடி எழுத்து. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு பெயர், ஓர் ஊர்.

நியூயார்க்கில் 575, மேடிசன் அவென்யூ என்ற முகவரிக்குத் தபாலில் போனவை. எழுதி, அஞ்சலில் சேர்த்து, அங்கே யாரோ பொறுக்கியெடுத்து, அச்சாகி வர மாதங்கள் ஆகின்றன. கோபமாக எழுதியவருக்கு அதற்குள் கோபம் ஆறியிருக்கலாம். நெகிழ்ந்து எழுதியவர் வேறொன்றில் நெகிழ்ந்துகொண்டிருக்கலாம்.

பக்கத்தில் மட்டும் இரண்டும் ஆறாமல் இருக்கின்றன. அடுத்தடுத்து. ஒன்றை ஒன்று பார்க்காமல்.

*

பாராட்டைப் படிக்கிறேன். தோள்கள் தளர்கின்றன.

குறையைப் படிக்கிறேன். தாடை இறுகுகிறது.

இந்த நாயகனுக்காக ஏன் என் தாடை இறுக வேண்டும். கேள்வி வருகிறது. இருக்கிறது. போகிறது.

*

பிளாக் பாந்தர் என்னும் டி'சாலா 1966இல் பிறக்கிறான். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 52ஆம் இதழ், ஜூலை. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும். ஆப்பிரிக்காவில் வகாண்டா என்றொரு கற்பனை நாடு. எவரும் கைப்பற்றாத நாடு. அதன் அரசன். இயந்திரங்கள் ஒளிந்திருக்கும் காடு.

கிர்பி முதலில் வரைந்த அட்டையில் முகமூடி பாதி முகத்தைத்தான் மறைக்கிறது. வாய் தெரிகிறது. தாடை தெரிகிறது. தோலின் நிறம் தெரிகிறது.

அச்சான அட்டையில் முகமூடி முழு முகத்தையும் மூடுகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். தாடை இருக்கிறது. தாடை இல்லை.

*

அதற்கும் முன்னால் ஒரு முகம். 1953. ஈசி காமிக்ஸின் ‘வியர்ட் ஃபேன்டசி’ 18ஆம் இதழ். விண்வெளி வீரன் ஒருவன். கதை முழுக்கத் தலைக்கவசம். கடைசிக் கட்டத்தில் கழற்றுகிறான். கறுப்பின மனிதன். தோலில் வியர்வைத் துளிகள் மினுங்குகின்றன.

எழுத்தாளர் ரே பிராட்பரி பாராட்டிக் கடிதம் எழுதுகிறார்.

1956இல் அதே கதை மறுபதிப்பாக வர இருக்கிறது. அந்த மனிதன் கறுப்பினத்தவனாக இருக்கக் கூடாது என்கிறார் காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் தலைவர். பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் மறுக்கிறார். மாற்றாமலே அச்சாகிறது.

ஒரே கட்டம். ஒருவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. இன்னொருவருக்கு அழிக்கத் தோன்றுகிறது. வியர்வை அதே இடத்தில் இருக்கிறது.

*

இன்னும் பின்னால் போகிறேன்.

பிலடெல்பியா, 1947. ஓரின் எவன்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் ‘ஆல்-நீக்ரோ காமிக்ஸ்’ கொண்டுவருகிறார். எழுதுபவர்களும் வரைபவர்களும் கறுப்பினத்தவர்கள். மற்ற இதழ்கள் 10 சென்ட்டுக்கு விற்கும்போது இது 15. உள்ளே லயன் மேன் என்றொரு நாயகன்.

இரண்டாம் இதழுக்கு வேலை நடக்கிறது. வியாபாரிகள் காகிதம் விற்க மறுக்கிறார்கள்.

இரண்டாம் இதழ் வரவில்லை. ஆகவே கடிதப் பக்கமும் இல்லை. பிடித்தது என்று சொல்லவும் இடமில்லை, பிடிக்கவில்லை என்று சொல்லவும் இடமில்லை.

இங்கே கொஞ்ச நேரம் எழுதாமல் இருக்கிறேன்.

*

1966 அக்டோபரில் ஓக்லாந்தில் பிளாக் பாந்தர் கட்சி தொடங்குகிறது. ஹூயி நியூட்டன், பாபி சீல். காமிக்ஸ் சில மாதம் முந்தியது.

பெயர் ஒன்றாகிவிடுகிறது. 1972இல் ஒரு கதையில் நாயகன் தன்னை பிளாக் லெப்பர்ட் என்று அழைத்துக்கொள்கிறான். ஒட்டவில்லை. பழைய பெயர் திரும்பி வருகிறது.

*

டான் மெக்ரெகர் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தில் மெய்ப்புத் திருத்துகிறார். வெள்ளையர், இளைஞர். அவர் மேசைக்கு ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ வருகிறது. 1950களின் காட்டுக் கதைகள், மறுபதிப்பாக. லோர்னா, தார்ன், ஜேன். காடு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நாயகர்கள் வெள்ளையர்கள். அந்த மண்ணில் பிறந்தவர்கள் கட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

இந்தக் காலத்தில் இதை ஏன் அச்சிட வேண்டும் என்று கேட்கிறார்.

இதழ் அவர் கைக்கே வருகிறது. நாயகன் பிளாக் பாந்தர்.

*

கட்டத்தின் ஓரத்தில் நிற்கும் அந்த மனிதனைத் தமிழில் காமிக்ஸ் படித்தவர்களுக்கும் தெரியும். மந்திரவாதி மாண்ட்ரேக்கின் அருகில் லோதர். 1934இல் வந்தவன். ஆரம்பத்தில் சிறுத்தைத் தோல், தலையில் துருக்கித் தொப்பி, உடைந்த பேச்சு. 1960களில் உடை மாறுகிறது. பேச்சு திருந்துகிறது.

தலைப்பில் மாண்ட்ரேக் பெயர்தான்.

*

அலுவலகத்தில் ஒரு கேள்வி எழுகிறது. மெக்ரெகர் பின்னாளில் பேட்டிகளில் சொல்கிறார். கதையில் வெள்ளையர் எங்கே?

கதை நடப்பது வகாண்டாவில்.

பக்கங்களைப் புரட்டுகிறேன். அரசன். பாடகியான காதலி மோனிகா லின். காவலை ஏற்று நிற்கும் வ'காபி. பொறுமையான டாகு. கலகம் செய்யும் எரிக் கில்மாங்கர். சிறுவர்கள், விதவைகள், சந்தேகப்படும் ஊர்க்காரர்கள். எல்லோரும் கறுப்பினத்தவர்கள்.

இத்தனை பேர் இருக்கும்போது ஒருவன் கெட்டவனாக இருக்கலாம். ஒருவன் பயந்தவனாக இருக்கலாம். ஒருத்தி சலித்துக்கொள்ளலாம். அது அவர்களுடைய குணமாக மட்டும் இருக்கிறது.

*

மின்விசிறிக் காற்றில் ஒரு பக்கம் எழுகிறது. படிகிறது. மறுபடி எழுகிறது.

*

அன்று முதல் இன்று வரை இந்தக் கதை மீது சொல்லப்படும் குறை ஒன்று. சொற்கள் அதிகம்.

பார்க்கிறேன். உண்மைதான். படத்தின் மேல் எழுத்துப் பெட்டி. அதற்குக் கீழே இன்னொரு பெட்டி. நாயகன் விழுந்துகொண்டிருக்கிறான், விழுவதைப் பற்றி ஒரு பத்தி அவன் கூடவே இறங்குகிறது. உவமைக்கு மேல் உவமை. ஓவியம் மூச்சுவிட இடம் தேடுகிறது.

இதே சொற்களுக்காகவே இதழை நேசித்தவர்கள் இருக்கிறார்கள். இவன் யோசிக்கிறான். தயங்குகிறான். தன் மேலேயே ஐயம் கொள்கிறான். ஒரு கறுப்பின நாயகனின் மனத்துக்குள் இவ்வளவு இடம் அதற்கு முன் எந்த இதழும் கொடுத்ததில்லை என்று அவர்களுக்குப் படுகிறது.

என் கண் ஒரு வரியைத் தாண்டி ஓடுகிறது. பிடித்துத் திருப்புகிறேன். சலிப்பு இருக்கிறது. அடுத்த பத்தியில் சலிப்பு இல்லை. எந்தச் சொல்லில் கரைந்தது என்று பிடிபடவில்லை.

சொற்கள் குறைந்திருந்தால் கதை வேகமாக ஓடியிருக்கும். அந்த முகத்தோடு இவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டேன்.

*

முதல் அத்தியாயம். கில்மாங்கரின் ஆட்கள் ஒரு கிழவரை வதைத்திருக்கிறார்கள். டி'சாலா அவர்கள் மேல் பாய்கிறான். கிழவர் அவன் கைகளில் சாகிறார்.

அரசன் இத்தனை நாள் ஊரில் இல்லை. அமெரிக்காவில், அவெஞ்சர்ஸ் குழுவோடு, உலகத்தைக் காத்துக்கொண்டிருந்தான்.

ஏன் போனாய் என்று சொந்த ஊர் கேட்கிறது. கதைக்குள் அவனைப் பற்றிக் கருத்து ஒன்றாக இல்லை. கதைக்கு வெளியே எப்படி ஒன்றாக இருக்கும்.

*

இந்தத் தொடர்கதையின் பெயர் ‘பாந்தர்ஸ் ரேஜ்’. 13 இதழ்கள். 1973 முதல் 1975 வரை.

மற்ற நாயகர்களின் உடை அடுத்த கதையில் புதிதாகிவிடுகிறது. இவன் உடை கிழிகிறது. கிழிந்தபடியே அடுத்த இடத்துக்குப் போகிறான். பனி. ஓநாய்கள். முட்கள். உடம்பு ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருக்கிறது.

இவ்வளவு அடி வாங்குகிறவன் என்ன நாயகன் என்று ஒரு வாசக மனம்.

இவ்வளவு அடி வாங்கியும் எழுகிறானே என்று இன்னொரு மனம்.

கறுப்பின உடம்பு இப்படி வதைபடுவதை எத்தனை முறை பார்ப்பது என்று மூன்றாவது மனம். அது தாமதமாக வருகிறது. வந்தபின் போக மறுக்கிறது.

*

10ஆம் இதழ் முதல் பென்சில் பில்லி கிரஹாம் கைக்கு வருகிறது. கறுப்பினக் கலைஞர். முன்பு வாரன் பதிப்பகத்தில் கலை இயக்குநர்.

முகங்கள் பிரிகின்றன. மூக்கு வேறு. உதடு வேறு. சிகை வேறு. கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்கும் ஒரு முகம் இருக்கிறது.

அவரைப் பற்றி இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும். கதையைப் பற்றிய பேச்சு எப்போதும் எழுதியவரிடமே நின்றுவிடுகிறது.

*

17ஆம் இதழ். அருவியின் உச்சி. டி'சாலா தோற்றுக்கொண்டிருக்கிறான். காண்டு என்ற சிறுவன் ஓடிவருகிறான். கில்மாங்கர் மேல் மோதுகிறான். கில்மாங்கர் விழுகிறான்.

இரண்டு ஆண்டு காத்திருந்த சண்டை.

அரசன் வெல்லவில்லை. ஒரு குழந்தை கொலை செய்திருக்கிறது. குழந்தைதான் அரசனைக் காப்பாற்றியிருக்கிறது. ஏமாற்றமும் நிறைவும் ஒரே மூச்சில் உள்ளே போகின்றன. வெளியே வரும்போதும் பிரியவில்லை.

*

டெட்ராய்ட். 11 வயதுப் பையன். டுவெய்ன் மெக்டஃபி. இந்த இதழ்கள் அவன் கைக்கு வருகின்றன. அதுவரை காமிக்ஸில் கறுப்பர் என்றால் எங்கோ ஒருவர். இங்கே ஒரு நாடு. பெரியவரானபின் அதைப் பற்றி எழுதுகிறார். எழுத்தில் அந்தப் பையன் இன்னும் இருக்கிறான்.

1993இல் டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் ஆகியோரோடு மைல்ஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்குகிறார். முதல் நாயகர்களில் ஒருவன் ஐக்கான். வேற்றுக்கிரகத்தவன். 1839இல் அமெரிக்கத் தெற்கில் வந்து விழுகிறான். அடிமையாக வைக்கப்பட்ட ஒரு பெண் கண்டெடுக்கிறாள். அவள் இனத்தின் உருவம் அவனுக்கு வருகிறது. நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு அவன் ஒரு பணக்கார வழக்கறிஞன், அரசியலில் பழமைவாதி. கூடவே பறக்கும் ராக்கெட் ஏழை வீட்டுப் பெண், 15 வயது. அவளுக்கு அவனுடைய அரசியல் ஒத்துக்கொள்வதில்லை.

வாசகர்கள் பிரிந்து நிற்பதற்கு முன்பே நாயகர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.

டிசி நிறுவனத்தின் வழியாக விற்பதால் வேறு சில கறுப்பினப் படைப்பாளிகள் மைல்ஸ்டோனைக் கடிந்துகொள்கிறார்கள். அந்தக் குரலிலும் வலி இருக்கிறது. காகிதம் கிடைக்காத 1947 அதில் கேட்கிறது.

மெக்டஃபி 2011 பிப்ரவரியில் காலமாகிறார். வயது 49.

*

அவர் சொன்னதன் சாரம் ஒன்று மனத்தில் கிடக்கிறது. பெரிய நிறுவனங்களின் கதைகளில் கறுப்பின நாயகனால் ஒரு மனிதனாக இருக்க முடிவதில்லை. இனத்தின் அடையாளமாகிவிடுகிறான்.

சூப்பர்மேன் சலிப்பூட்டினால் சலிப்பு அவனோடு நிற்கிறது. இவன் சலிப்பூட்டினால் பேச்சு வேறெங்கோ போகிறது.

பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். எது பிடிக்கவில்லை. சொற்களா. ஓவியமா. அந்த முகமா. சில கடிதங்களில் தெரிகிறது. சிலவற்றில் எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

பிடித்திருக்கிறது என்று எழுதியவரிடமும் அதே கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

*

தண்ணீர் குடிக்கிறேன். தொண்டையில் குளிர்ச்சி இறங்குவது தெரிகிறது. எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை.

*

1976. கதை வகாண்டாவை விட்டு ஜார்ஜியாவுக்கு வருகிறது. மோனிகாவின் சகோதரி ஏஞ்சலா இறந்திருக்கிறாள். பெற்றோர் வீடு. சிறிய ஊர். முகம் மூடிய மனிதர்கள். இந்த முறை எதிரி வெள்ளை இனவெறிக் கூட்டமான கூ கிளக்ஸ் கிளான்.

கற்பனை நாட்டு அரசன் உண்மையான மண்ணில் நிற்கிறான். அங்கே அவன் அரசன் இல்லை.

21ஆம் இதழில் அவனைச் சிலுவையில் கட்டி எரிக்கிறார்கள். பில்லி கிரஹாம் அதைப் பக்கம் பக்கமாக வரைகிறார். தப்பிக்கிறான். தீக்காயம் தப்பிக்கவில்லை.

சிறுவர் இதழில் இது எதற்கு என்ற குரல். இங்கேதான் இது வேண்டும் என்ற குரல். வகாண்டாவிலேயே விட்டிருக்கலாம், அங்கேயாவது அவன் சுதந்திரமாக இருந்தான் என்ற குரல். மூன்றாவது குரலை நான் அதிக நேரம் கேட்கிறேன்.

*

22ஆம் இதழ். அட்டையில் ஜூலை 1976. அமெரிக்கா விடுதலைப் பிரகடனத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடும் மாதம்.

மோனிகாவின் தாய் ஒரு பழங்கதை சொல்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்த பின்வந்த ஆண்டுகள். குடும்பத்தில் ஒருவர், கேலப். அடிமைத்தளை அறுந்திருக்கிறது. இரவில் குதிரைகள் வருகின்றன. முகம் மூடியவர்கள்.

தாய் சொல்லச் சொல்ல மோனிகா மனக்கண்ணில் பார்க்கிறாள். அவள் பார்க்கும் கதையில் டி'சாலாவும் இருக்கிறான். நூறு ஆண்டுக்கு முந்தைய ஜார்ஜியாவில், அதே கறுப்பு உடையில். குதிரைகளை எதிர்கொள்கிறான். கேலபுக்காகச் சண்டையிடுகிறான்.

தாயின் கதையில் அவன் இல்லை.

கேலப் கொல்லப்படுகிறார். யாரும் வரவில்லை.

*

இதழை மூடாமல் மடியில் வைத்திருக்கிறேன்.

தாய் சொன்னது ஒன்று. மகள் கண்டது ஒன்று. இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. ஒரே மை.

*

நாயகக் கதை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாயின் பக்கம்.

நடந்தது தெரியும், ஒருமுறையாவது யாராவது வந்து காப்பாற்றட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மோனிகாவின் பக்கம்.

இந்த ஓர் இதழ் இரண்டு பேரையும் உட்கார வைத்திருக்கிறது. நான் படித்த நாயகக் கதைகளில் இதைப்போல் நேர்மையான இன்னொன்று நினைவுக்கு வரவில்லை. சொற்கள் இங்கேயும் அதிகம்தான். இருக்கட்டும்.

*

வெளியே ஒரு நாய் குரைக்கிறது. நிறுத்துகிறது. நிறுத்திய பிறகுதான் அமைதி காதில் விழுகிறது.

*

24ஆம் இதழ், நவம்பர் 1976. அதோடு நிற்கிறது. விற்பனை குறைவு என்பது காரணம். ஏஞ்சலாவின் சாவு அவிழாமல் இருக்கிறது. கதை பாதியில் இருக்கிறது.

கடிதம் எழுதியவர்களுக்கும் விற்பனை எண்ணுக்கும் நடுவே யாருமே எழுதாத பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. வாங்கியவர்கள். வாங்காதவர்கள். அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவர்கள். அவர்கள் நினைத்தது எந்தப் பக்கத்திலும் இல்லை.

1979-80இல் வேறு எழுத்தாளர், வேறு இதழில், அந்தக் கதைக்கு ஒரு முடிவு எழுதுகிறார்.

*

1977 ஜனவரி. ‘பிளாக் பாந்தர்’ முதல் இதழ். தலைப்பில் முதல்முறையாக அவன் பெயரே. எழுதி வரைபவர் ஜாக் கிர்பி, அவனை முதலில் வரைந்த அதே கை.

கிளான் இல்லை. ஜார்ஜியா இல்லை. மோனிகா இல்லை. காலத்தைத் தாண்ட வைக்கும் ஒரு பித்தளைத் தவளை இருக்கிறது. புதையல் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

மெக்ரெகரின் வாசகர்கள் மனம் உடைகிறார்கள். அழுத்தமான ஒன்று பறிபோய்விட்டது அவர்களுக்கு.

அதே பக்கங்களை வெறும் மகிழ்ச்சிக்காகப் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு கறுப்பின நாயகன் துன்பப்படாமல், தவளையைத் துரத்தி ஓடுகிறான். குதிக்கிறான். கிர்பியின் கோடு அவனோடு குதிக்கிறது.

அந்தக் குதிப்பைப் பார்க்கும்போது என் கால்விரல்கள் அசைகின்றன.

*

மெக்ரெகரின் எழுத்துக்குக் கடிதம் எழுதிய ரசிகர்களில் ஒருவர் டீன் முல்லேனி. அவரே பதிப்பாளர் ஆகிறார். 1978இல் மெக்ரெகர் எழுத, பால் குலாசி வரைய, ‘சேபர்’ வெளியாகிறது. நாயகன் கறுப்பினத்தவன்.

கருத்து சொன்னவர் காகிதம் வாங்கிக் கொடுக்கிறார்.

*

1998. பிளாக் பாந்தரை எழுதக் கறுப்பின எழுத்தாளர் கிறிஸ்டோபர் பிரீஸ்ட் வருகிறார். கதையைச் சொல்ல எவரெட் ராஸ் என்ற வெள்ளை அதிகாரியை வைக்கிறார். படபடப்பான, சிரிப்பு வரவழைக்கும் மனிதர். கறுப்பின நாயகனின் இதழைக் கையில் எடுக்கத் தயங்குபவர்கள் ராஸின் கண்வழியாக உள்ளே வரட்டும் என்பது கணக்கு. பிரீஸ்ட் அதை மறைப்பதில்லை.

ராஸ் பேசிக்கொண்டே இருக்கிறார். டி'சாலா பேசுவது குறைவு. பேசாததால் பெரிதாகத் தெரிகிறான்.

சிலருக்கு இதுவே மிகச் சிறந்த பிளாக் பாந்தர். சிலருக்கு, தங்கள் அரசனைப் பார்க்க எதற்கு இன்னொருவரின் கண். 62 இதழ்கள். 2003 வரை.

*

2016 ஏப்ரல். தா-நெஹிசி கோட்ஸ் எழுத, பிரையன் ஸ்டெல்ஃப்ரீஸ் வரைகிறார். முதல் இதழ் கடைகளுக்கு இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் போகிறது.

கோட்ஸ் கேட்பது: இவ்வளவு அறிவு பெற்ற நாட்டுக்கு ஏன் இன்னும் அரசன்? மக்கள் எழுகிறார்கள். அரசன் யோசிக்கிறான். வாதம் நடக்கிறது. நிறைய வாதம்.

மெதுவாகப் போகிறது. பேச்சு அதிகம். சண்டை குறைவு.

1973இன் குறை 43 ஆண்டு கழித்து வேறு எழுத்தாளர் மேல் வந்து உட்காருகிறது. மெக்ரெகர் வெள்ளையர், கோட்ஸ் கறுப்பர். குறை ஒன்றுதான்.

அரசனை வணங்கிப் பழகியவர்களுக்கு அரசனைக் கேள்வி கேட்பது வலிக்கிறது. இத்தனை காலத்துக்குப் பிறகு கிடைத்த ஓர் அரசன். அவனையும் இறக்க வேண்டுமா. அந்த வலிக்கு என்னிடம் மறுமொழி இல்லை. கேள்வியையும் கீழே வைக்க முடியவில்லை.

*

அதே ஆண்டு நவம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வகாண்டா’. எழுதியவர்கள் ராக்சேன் கே, யோனா ஹார்வி. மார்வெல் தொடர் ஒன்றைத் தலைமையேற்று எழுதும் முதல் கறுப்பினப் பெண்கள். அரசனின் காவல்படையில் இரண்டு பெண்கள், அவர்களுக்கு நடுவே காதல்.

ஆறு இதழ்களோடு நிற்கிறது.

2018இல் சிறந்த குறுந்தொடருக்கான ஐஸ்னர் விருது அதற்குக் கிடைக்கிறது.

*

எல்லா இதழ்களையும் தரையில் பரப்புகிறேன். நடுவில் நடக்க இடம் விடுகிறேன்.

1966இன் முகமூடி. 1973இன் கிழிந்த தோள். 1976இன் தீ. 1977இன் பாய்ச்சல். 1998இன் மௌனம். 2016இன் வாதம். பெயர் ஒன்று. ஒவ்வொன்றையும் நேசித்தவர் வேறு. ஒருவர் நேசித்ததை இன்னொருவர் மன்னிக்கவில்லை.

யார் சரி என்ற கேள்விக்காகக் காத்திருக்கிறேன். அது வரவில்லை.

*

2022இல் பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசையில் பிளாக் பாந்தர் தொகுதி வருகிறது. இலக்கியம் வைக்கும் அலமாரியில் இடம். 1966இன் முதல் கதையும், ‘ஜங்கிள் ஆக்‌ஷன்’ இதழ்கள் 6 முதல் 21 வரையும்.

கேலபின் கதை இருப்பது 22ஆம் இதழில். அது இந்தத் தொகுதியில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.